யாருக்குத் தெரியுமோ அவர் சொல்லட்டும்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்கள் எல்லோரும் இன்ஜினோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இன்ஜின் வண்டிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவ்வளவு பேர் கவனிப்பதில்லை. கல்லாரைத் தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கிவிடும். செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 அடி நகர்ந்தால் 1 அடி உயர வேண்டும். அந்த ஏற்றத்தில் இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடும் என்பதால், இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பாதுகாப்புக்கு இது சரி. ஆனால் டிரைவருக்கு முன்னால் தெரிவது பெட்டிகள்தான், தண்டவாளம் தெரியாது.

மரம் விழுந்து கிடக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்க்கிறவர் முதல் பெட்டியின் முன்மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். மற்ற பெட்டிகளிலும் ஆளுக்கொரு பிரேக்ஸ்மேன் உண்டு. இன்ஜினின் விசிலைக் கேட்டு, அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் போடுகிறார், தளர்த்துகிறார். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி 1908-ல் ஊட்டியைத் தொட்ட வண்டி, இன்றும் இந்த ஏற்பாட்டில்தான் ஏறுகிறது. பதவி வரிசையில் டிரைவர் மேலே இருப்பவர். ஆனாலும் முன்மேடையில் சிவப்புக் கொடி அசைந்தால் அங்கே பேச்சுக்கு இடமில்லை, வண்டி நிற்கும். எதற்காக அசைத்தாய் என்ற விசாரணை எல்லாம் நின்ற பிறகுதான்.

குழுவில் ஒவ்வொருவரின் பலத்தையும் அடையாளம் காண வேண்டும் என்று மேலாண்மைப் பயிற்சிகளில் ஓயாமல் சொல்கிறார்கள். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனிகள் தங்கள் ஆட்களை ஊட்டிக்குக் கூட்டிவந்து, ஓட்டல் அரங்கில் உட்காரவைத்து, கேள்வித்தாள் கொடுத்து, நீங்கள் இந்த வகை, நீங்கள் அந்த வகை என்று கலர் அட்டை மாட்டி அனுப்புகின்றன. படகு சவாரியும் உண்டு. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பழைய நாற்காலியில் பழைய வேலையைத்தான் செய்கிறார்கள். அட்டையில் எழுதியிருந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அது சரியாகவே இருக்கலாம். யாருக்கு என்ன வரும் என்று கண்டுபிடிப்பது இதில் சுலபமான பாதி. கண்டபின், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லே செல்லும் என்று மேலே இருப்பவர் விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டமான பாதி. நீலகிரியில் நன்றாக ஓடும் குழுக்களை எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது பாதி எங்கேயோ ஓர் இடத்தில் செய்து முடிக்கப்பட்டிருக்கும்.

ஆட்கள் கூடினால் பலம் கூடும் என்பதே முழு உண்மையில்லை. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். முடிவுகளை 1913-ல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் விசை, எட்டுப் பேராகச் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1979-ல் அமெரிக்க உளவியலாளர் பிப் லதானேயும் சக ஆய்வாளர்களும் தெளிவாக்கினார்கள். கூட்டத்தோடு கத்தும்போதும் கை தட்டும்போதும் ஆட்கள் தங்களுக்கே தெரியாமல் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். யார் எவ்வளவு கத்தினார் என்பது தனித்தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் இந்தத் தளர்ச்சி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

நீலகிரியில் இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், இலைக் குவியல் போதும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி பறித்த பசுந்தேயிலை மூட்டையாகக் கட்டி ரோட்டோரம் வருகிறது. ஏஜென்ட் எடைபோடுகிறார், லாரி ஏறுகிறது, ஃபேக்டரியில் மற்றவர்களின் இலையோடு கலக்கிறது. இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளியவரின் மூட்டையும், கத்தரி போட்டு முத்தல் இலையோடு வெட்டித் திணித்தவரின் மூட்டையும் ஒரே தொட்டியில் கொட்டப்படுகின்றன. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையும் மாவட்டத்துக்கே பொதுவானது. தனியார் ஃபேக்டரியானாலும் சரி, 1965-ல் உருவான இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழ் இயங்கும் கூட்டுறவுத் தொழிற்சாலையானாலும் சரி, கலந்த பிறகு குவியல் குவியல்தான். நன்றாகக் கிள்ளத் தெரிந்த பெண், ரெண்டு சீசன் பார்த்துவிட்டு, ‘நமக்கு மட்டும் என்ன வந்தது’ என்று அவளும் கத்தரியை எடுத்துக்கொள்கிறாள். அவள் திறமை எங்கும் போய்விடவில்லை. அதைப் பார்க்க அங்கே ஆளில்லை, அவ்வளவுதான்.

இலை ஃபேக்டரிக்குள் நுழைந்த பிறகு கதை மாறுகிறது. அங்கே மனிதர்களின் தனித் திறமை ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கோப்பையில் தெரிந்துவிடும். வெளியாட்களுக்கு அது வெறும் இரைச்சலும் தூசியும். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செடியிலிருந்து வரும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முதலில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள். இதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறைக்கு எழுபது சதவீத ஈரம் வரை இறங்கினால் போதும். கருவி இருக்கிறது, ஆனால் அனுபவசாலி கையில் ஒரு பிடி இலையை எடுத்து உருட்டி இறுக்கிவிட்டுத் திறக்கிறார். உருண்டை சட்டென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை, மெல்ல அவிழ்ந்தால் சரி. அடுத்து இலை பல்வைத்த இரட்டை ரோலர்களுக்குள் போகிறது. ஒரு ரோலர் மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால் இலை நறுங்கி, கிழிந்து, சுருள்கிறது. ரோலரின் பல் மழுங்கினால் தூள் குணம் கெடும். மழுங்குவதை மெஷின் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவர் ஒருவர் ஒவ்வொரு ஃபேக்டரியிலும் இருப்பார். வழக்கமாக அவர் ஃபிட்டராக இருக்கமாட்டார், பக்கத்தில் கூட்டிப் பெருக்கும் ஆளாகக்கூட இருக்கலாம்.

அப்புறம்தான் நாசூக்கான கட்டம். நறுக்கிய இலையின் சாறு காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுப் பச்சையிலிருந்து செம்புநிறத்துக்கு மாறுகிறது. சீக்கிரம் நிறுத்தினால் டீ பச்சைவாடையோடு கரகரக்கும், தாமதித்தால் தட்டையாக, சொரணையில்லாமல் போகும். நிறுத்துவது என்றால் டிரையருக்குள் தள்ளிச் சூடேற்றி, ஈரத்தை ஏறக்குறைய மூன்று சதவீதத்துக்குக் கொண்டுவருவது. எந்த நிமிஷத்தில் தள்ளுவது என்பது அன்றைய வெப்பத்தையும் இலையின் வாட்டத்தையும் பொறுத்தது. சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அட்டவணைக்கு அன்றைய வெயில் தெரியாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில் இந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் டீ மேக்கர் முப்பது வருஷ அனுபவஸ்தர். இலையைக் கிளறிவிடும் வேலையில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும்.

“அண்ணா, இது ஆச்சு. எடுத்துரலாம்.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கேக்கா.”

“இன்னிக்கு வெக்கை ஜாஸ்திண்ணா. டைம் பாக்காதீங்க, மோந்து பாருங்க.”

அவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். எதுவும் பேசாமல் டிரையர் பக்கம் கையை அசைத்தார். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பிறகு அவர் சொன்னதுதான். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அந்த அம்மா வந்து சொல்ல, அவர் வந்து முகர, அதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடுமாம். இப்போது அவர் வேறு வேலையில் இருந்தால், கேட்காமலே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். பதிவேட்டில் ‘எடுத்தவர்’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது. காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்க்கும்போது அவரையும் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷம் டீ செய்தவர், தான் எடுத்த டீயைத் தனியாக ருசி பார்த்ததே அதற்கு முன் இல்லை. எந்த எடுப்பு எப்படி விழுந்தது என்று தெரிந்தால்தானே மூக்கு இன்னும் கூர்மையாகும்?

இந்த மூன்று மாற்றங்களுக்கும் செலவு கிடையாது. ஆனால் ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்தால் பலனும் கிடையாது. ருசி மேஜைக்குக் கூப்பிட்டுவிட்டு முடிவெடுக்க விடாவிட்டால் அது வெறும் மரியாதை. முடிவெடுக்க விட்டுவிட்டுப் பெயர் எழுதாவிட்டால், நல்லது நடந்தால் டீ மேக்கருக்கும் கெட்டது நடந்தால் அந்த அம்மாவுக்கும் போய்ச் சேரும். வேலைத்தளங்களில் இந்தக் கடைசிப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். திறமைசாலிகளையே பொறுக்கிச் சேர்த்துவிட்டால் இந்த விட்டுக்கொடுப்பெல்லாம் எதற்கு? இங்கிலாந்தில் ஹென்லி மேலாண்மைக் கல்லூரியில் மெரிடித் பெல்பின் இதைப் பரிசோதித்துப் பார்த்தார். அறிவுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை ஒரே குழுவில் போட்டு, நிர்வாக விளையாட்டில் மற்றக் குழுக்களோடு மோதவிட்டார். ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்த்த குழு பல முறை பின்னால் போனது. ஒருவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே மற்றவர் நேரம் போனது. அவசரமான வேலையைக் கையில் எடுக்க ஆளில்லை. பெல்பின் பிறகு வகுத்த ஒன்பது வகைக் குழுப் பாத்திரங்கள் பயிற்சிக்காரர்களின் செல்லப் பட்டியலாகிவிட்டன. ஆட்களை அப்படி ஒன்பது டப்பாவில் அடைக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தத் தோல்வியைப் பற்றி அவர் சொன்னதில் சந்தேகமில்லை. 2012-ல் கூகுள் தன் ஏறக்குறைய 180 குழுக்களை அலசத் தொடங்கியபோதும் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே அதிக வித்தியாசத்தைக் காட்டியது. அதிலும் முதலிடத்தில் நின்றது, பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்ற கேள்வி.

அந்தக் கேள்வியை ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் அதற்கு முன்பே ஆராய்ந்திருந்தார். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி அவர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் குழப்பமாக இருந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால் அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை ஒளிக்காமல் சொல்லின. தேயிலை ஃபேக்டரியில் “அண்ணா, இந்த எடுப்பு கொஞ்சம் ஓவராப் போச்சு” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் அது நல்ல ஃபேக்டரி.

யாருக்கு எது தெரியுமோ அதில் அவரைக் கேட்பது என்ற கணக்கை 2021-ல் மாவட்டமே பார்த்தது. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட, டி23 என்று எண்ணிட்ட புலியைத் தேடும் வேலை 21 நாள் நடந்தது. நடுவில், உடனே சுட்டுவிடக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ட்ரோன் வந்தது, தானியங்கி கேமராக்கள் வந்தன, மோப்ப நாய்கள் வந்தன, முதுமலையின் கும்கி யானைகள் மாவுத்தர்களோடு இறங்கின, கால்நடை மருத்துவர்கள் மயக்க ஊசித் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். இவர்களோடு தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடியினரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு மைசூருவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அவ்வளவு பெரிய படையில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. ட்ரோனால் உண்ணிச்செடிப் புதருக்குள் பார்க்க முடியாது. ஊசி போடுகிற மருத்துவருக்குக் காலடித் தடம் காலையிலா நேற்றா என்று சொல்லத் தெரியாது. தடம் பார்ப்பவருக்கு மருந்தளவு தெரியாது. யானை எந்தப் புதருக்குள் நுழையத் தயங்குகிறது என்பதை அதன் காதசைவில் படிக்கிறவர் மாவுத்தர் மட்டுமே. அதிகாரி இந்த நாலு பேரையும்விடப் பெரியவர். ஆனால் நாலு இடத்திலும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டியவர்.

பலம் என்றால் திறமை மட்டுமா என்று யோசிக்கவைக்கும் உதாரணமும் இந்த மலையிலேயே இருக்கிறது. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கட்டும் பெரிய அடைகளை எடுக்கக் குறும்பர்களும் இருளர்களும் குழுவாகப் போவார்கள். ஒருவர் கொடி ஏணியிலோ கயிற்றிலோ தொங்கிக்கொண்டு புகை போட்டு அடையை வெட்டுவார். மேலே ஒருவர் கயிற்றைக் காவல் காப்பார். கீழே சிலர் தேனை வாங்குவார்கள். மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வழக்கமாக இறங்குபவரின் மச்சானிடம் கொடுப்பார்கள். மனைவியின் அண்ணனோ தம்பியோ. தன் கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க அவன் துணியமாட்டான் என்பது கணக்கு. கயிறு பிடிக்கக் கைப்பலம் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் வேறு பலர் இருப்பார்கள். அந்த இடத்துக்கு வேண்டியது கைப்பலத்துக்கு மேலே இன்னொன்று. அலுவலகத்தில் யாருக்குக் கணக்கு நன்றாக வரும் என்று பார்க்கிறோம், யாருக்கு இந்தக் கணக்கு தப்பினால் தூக்கம் வராது என்று பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதுமில்லை.

சரி, ஆளுக்கொரு பலம், ஆளுக்கொரு வேலை என்று பேசும்போது நீலகிரியில் ஒரு பழைய நிழல் கூடவே வரும். தோடர் எருமை வளர்ப்பார்கள், கோத்தர் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்து இசைக்கருவி வாசிப்பார்கள், படுகர் உழுவார்கள், குறும்பர் காட்டுப் பொருள் கொண்டுவருவார்கள் என்று ஒரு பண்டமாற்று இந்த மலையில் இருந்தது. மானிடவியலாளர்கள் இதை வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அது பெரும்பாலும் கலைந்துவிட்டது. கலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. சமூகங்களுக்கு இடையே அது நன்றாகவே ஓடியிருக்கலாம், ஆனால் இசையில் ஆர்வமில்லாத கோத்தப் பையனுக்கும் கொல்லு வேலைக்குக் கை துறுதுறுத்த படுகப் பையனுக்கும் அதில் இடமில்லை. இனத்துக்கு ஒரு பலம் என்று எழுதிவைத்த கணமே தனி ஆளைப் பார்ப்பது நின்றுவிடுகிறது.

எஸ்டேட்டுகளில் அது வேறு உருவத்தில் இன்றும் நிற்கிறது. கொழுந்து பறிப்பது பெண் வேலை, செடியை வெட்டிவிடும் கவாத்து ஆண் வேலை, மேற்பார்வை பெரும்பாலும் ஆண் வேலை. பெண்களுக்கு விரல் மெல்லிசு, அதனால் கொழுந்து நன்றாக வரும் என்பார்கள். கையால் பறிப்பது குறைந்து கத்தரியும் மெஷினும் வந்ததும் ஆண்கள் தாராளமாகப் பறிப்புக்கு வந்துவிட்டார்கள், விரல் எதுவும் பேசப்படவில்லை. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் மேல் அடுத்த முத்திரை விழுகிறது. ‘அவங்க மூட்டை தூக்க நல்லா இருப்பாங்க.’ அந்த ஆட்களில் ஒருவர் சொந்த ஊரில் வெல்டராக இருந்திருக்கலாம், ஒருவர் அசாம் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்திருக்கலாம். மேஸ்திரிக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, கேட்க வழியில்லை. ஆகவே தூக்கு மூட்டையை.

இதற்கு நேர் எதிரான காரியம் கூடலூரில் நடந்தது. 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு அங்கே ஆதிவாசி மக்களுக்கான மருத்துவமனையை வளர்த்தபோது, பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தார்கள். சான்றிதழ் உள்ளவர்களை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே மிரளும் பணியர் பழங்குடிக் குடும்பத்தில் கர்ப்பிணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் மொழியில் பேசி, அவளை வண்டியில் ஏற்ற வெளியாட்களால் முடியாது. எது அரிதோ அதை வைத்துக்கொண்டு எது சொல்லிக்கொடுக்கக் கூடியதோ அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் எடுக்கும்போது நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம்.

அப்படியானால் ஒருவரின் பலத்தை எங்கே பார்ப்பது? அவரையே கேட்டால் இந்த ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “எனக்கு என்னங்க தெரியும்.” பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அதைவிட நல்லது, சிக்கல் வரும்போது ஆட்கள் யாரிடம் நடந்து போகிறார்கள் என்று பார்ப்பது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள், கோபமாக வந்த வாடிக்கையாளரை யார் பக்கம் மெல்லத் தள்ளிவிடுகிறார்கள், புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தால் யார் பக்கத்து நிரையில் போய் நின்றுகொள்கிறாள். பதவிப் பட்டியலில் இல்லாத பட்டியல் இது. ஒருவர் லீவு எடுத்த நாளில் எது தடுமாறுகிறது என்பதும் நிறையச் சொல்லும்.

கொழுந்துக் காட்டில் இதை நன்றாகக் கவனிக்கலாம். இருபது பெண்கள் பரவி நின்று பறிக்கும் காட்டில், குனிந்த தலை நிமிராமல் கிலோ ஏற்றுகிறவர் ஒருவர் இருப்பார். அவருக்குச் சாயங்காலம் எடை மேடையில் மரியாதை. அதே கூட்டத்தில் இன்னொருவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து சோலை ஓரத்தைப் பார்ப்பார். காட்டெருமை கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்கிறதா, கரடி இறங்குகிறதா என்று முதலில் பார்த்துக் குரல் கொடுப்பவர் அவர்தான். அவருக்கு நாலு கிலோ குறைவாக ஏறும். மிகுதிக் கிலோவுக்கு ஊக்கத்தொகை என்று மட்டும் கணக்கு வைத்தால் அந்தக் குறைவு அவர் பாக்கெட்டில் விழுகிறது. நாளைக்கு அவரும் நிமிராமல் பறித்தால் தப்பு யாருடையது? எதை எடைபோடுகிறோமோ அந்தப் பலம் மட்டுமே மிஞ்சும். பாக்கி எல்லாம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும், அல்லது கிடைக்காமலே போகும்.

பலத்தைக் கண்டு பாராட்டுவதிலும் ஒரு விபத்து உண்டு. நன்றாகச் செய்கிறவன் தலையிலேயே எல்லாம் விழும். அல்லது மேலே தூக்கிவிடப்படுவான். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைக் குழுக்களை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, விற்பனையில் முதலில் நின்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைப்பதையும், அவர்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் விற்பனை அதனால் குறைவதையும் காட்டியது. மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேலாளராக நன்றாக இருந்தார்கள். வேகமாகப் பறிப்பவரை மேஸ்திரியாக்கிவிட்டு ஒரு நல்ல பறிப்பாளரையும் இழந்து, ஒரு சுமாரான மேஸ்திரியையும் வாங்கிக்கொள்வது மலைக்குப் புதிதல்ல. வேறு வழி இல்லாததால்தான் அப்படி நடக்கிறது. பறிப்பிலேயே இருந்துகொண்டு சம்பளத்தில் மேலே போகப் படி இல்லை. படி வைக்க வேண்டியது நிர்வாகம்.

இன்னொரு விபத்து, ஒரே மூக்கை நம்பி ஃபேக்டரி ஓடுவது. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு என்ன செய்வது என்று டீ மேக்கரைக் கேட்டேன். “அட்டவணைதான்” என்று சிரித்தார். இரண்டாவது ஆளைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவது எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான். செய்யாததற்குக் காரணம், பழகுகிறவர் கொஞ்ச நாள் தப்பாக எடுப்பார், அந்தத் தூள் குன்னூர் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போகும், முதலாளி கேட்பார். ஏப்ரல் தொடங்கி இலை குவியும் மாதங்களில் இது நடக்காது, தொட்டி நிரம்பி வழியும்போது யாருக்கும் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருக்காது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து இலை வரத்து குறைந்துவிடும். பாதி ஷிஃப்ட்தான் ஓடும். தப்பாக எடுத்தாலும் கெடுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் ஒரு பழகுநரை நிறுத்தி, கெட்டுப்போகும் தூளைப் பயிற்சிச் செலவு என்று கணக்கில் முன்கூட்டியே எழுதிவைத்தால், ஏப்ரலில் இரண்டு மூக்கு இருக்கும்.